தீரியே மாற்றிச் சொன்ன சொல்

தீரியேயை நேரில் பார்த்தால் 'அதேர்' என்றுதான் கூப்பிடுவேன். வயதில் மூத்த ஆண்பிள்ளையைச் சித்தப்பா முறை வைத்து அழைக்காமல் எங்கள் ஊரில் வாய் திறக்க முடியாது. எழுத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

சோமாலி நாட்டின் வடக்கே, எங்கள் ஹர்கெய்ஸா ஊர்ச் சந்தைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவன் வயர்லெஸ் வைத்திருந்தான். குண்டு விழுந்து சிதைந்த ஊருக்கு நாங்கள் திரும்பி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. தொலைபேசி இன்னும் வரவில்லை. பிள்ளை எங்கே, தம்பி எங்கே, புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்பதற்கு அந்தப் பெட்டியை விட்டால் வேறு வழி கிடையாது. அறை வாசலில் நான் பால் தேநீர் விற்றேன். ஊரின் அழுகையெல்லாம் என் காது வழியாகத்தான் போயிற்று.

எதிர்முனைக் குரல் தெளிவாக வந்தால் மக்களே பேசுவார்கள். இரைச்சல் அதிகமானால் தீரியே காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, இவர்கள் சொல்வதை அங்கே சொல்லி, அங்கே சொல்வதை இங்கே சொல்வான். பாதி நாள் இரைச்சல்தான். சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் அவனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அவன் திருத்திச் சொல்வான். முக்கியமாக, தெற்கத்திக்காரர்கள் பேச்சைத் திருத்துவான்.

எங்கள் பக்கம் உடன்பிறந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'வலால்'. தெற்கே மொகதிஷு பக்கம் பெண்ணை 'அபாயோ' என்பார்கள், ஆணை 'அபோவே' என்பார்கள். முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே தீரியேக்கு முகம் கோணும்.

"இதெல்லாம் ஒரு பேச்சா? வாழைத்தோட்டத்துல குரங்குக கூப்பிட்டுக்கிற மாதிரி இருக்கு" என்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அவன் மனைவி ஸஹ்ராதான் ஒருநாள் என்னிடம் சொன்னாள். இளவயதில் அவன் பெர்பெரா துறைமுகத்தில் குமாஸ்தா. மூன்று மாதப் பயிற்சிக்கு மொகதிஷுவுக்கு அனுப்பினார்கள். தங்கிய வீட்டுக்காரியை, எங்கள் ஊர் மரியாதைப்படி, 'ஹபர்யர்' என்று கூப்பிட்டிருக்கிறான். எங்களுக்கு அது சின்னம்மா. அங்கே மூத்த பெண்ணை 'எத்தோ', அத்தை, என்றுதான் அழைப்பார்கள். ஹபர் என்ற பாதி மட்டும் அவள் காதில் விழுந்தது. அது கிழவி.

"யாருடா கிழவி? இன்னும் ரெண்டு பேரைப் பெத்துக் காட்டுவேன் நான்" என்று அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்தே கேட்டாள். மேஜை முழுக்கச் சிரித்தது. மூன்று மாதமும் அவனுக்குப் பெயர் 'கிழவி மகன்'. ஒரு வீட்டுக்காரி சிரித்ததற்காக ஒரு பாதி தேசத்தையே முப்பது வருஷம் பழிவாங்கக் கிளம்பிய மனசு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று அப்போது யோசித்தேன்.

அம்பரோ எங்கள் ஊருக்கு வந்தது நாங்கள் திரும்பி வந்த காலத்தில்தான். மொகதிஷுக்காரி. எங்கள் ஊர் லாரி ஓட்டுநர் ஒருவனைக் கட்டியவள். அங்கே சண்டை மூண்டபோது அவனோடு வடக்கே ஓடி வந்தாள். வந்த மறுவருஷம் அவன் காய்ச்சலில் போய்விட்டான். அவள் சம்பூசா பொரித்து, துணி போட்டு மூடிய கூடையில் சந்தைக்குக் கொண்டு வருவாள். என்னிடம் தேநீர் வாங்கும்போது, "அபாயோ, இனிப்பு கொஞ்சம் கூடப் போடு" என்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் பக்கத்துக் கடைப் பெண்களிடம் நான் அதே இழுப்போடு சொல்லிக் காட்டுவேன்.

அவளுக்கு ஒரே தங்கை, முஹுபோ. சண்டை தொடங்கிய நாளில் பிரிந்தவர்கள். ஐந்தாவது வருஷம், கென்ய எல்லையில் உள்ள அகதி முகாமில் முஹுபோ என்று ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு லாரிக்காரன் தகவல் கொண்டு வந்தான். முகாமிலும் வயர்லெஸ் உண்டு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை அழைத்து வைப்பதாக அங்கிருந்த ஸுகுல்லே என்பவன் ஒப்புக்கொண்டான்.

அன்று அம்பரோ கூடை இல்லாமல், துவைத்த முக்காடு போட்டு வந்தாள். பெட்டி கரகரவென்று இரைந்தது. தீரியே காதுக்கருவியை மாட்டினான்.

"என்ன சொல்லணும்?"

"அபோவே, அவகிட்ட சொல்லுங்க. அபாயோ மஆன், நான்தான் பேசறேன், உசிரோட இருக்கேன்னு."

'மஆன்' என்றால் இனிப்பு. என் தித்திப்புத் தங்கையே என்று சொல்கிறாள்.

"நான் யாருக்கும் அபோவே இல்ல" என்றான் தீரியே. பிறகு ஒலிவாங்கியில், செய்தி வாசிப்பவன் குரலில் சொன்னான்: "வலால், உங்கள் சகோதரி அம்பரோ இங்கே நலமாக இருக்கிறார். பதில் சொல்லவும். ஓவர்."

"அப்படி இல்ல. அபாயோன்னே சொல்லுங்க" என்று அம்பரோ எழுந்தாள்.

"உக்காரும்மா. நடுவுல பேசுனா ஒண்ணும் கேக்காது. ஒழுங்கான சோமாலில சொல்லியிருக்கேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அண்டி வந்த ஊரில் குரல் உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. தீரியே கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கருவியைக் கழற்றினான்.

"அவ போயிட்டா."

"போயிட்டாளா? என்ன சொன்னா?"

"எங்கக்கா என்னை ஒரு நாளும் வலால்னு கூப்பிட்டதில்ல, இது யாரோ வடக்குக்காரி, ரேஷன் அட்டைக்காக ஏமாத்துறான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாளாம்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. "சந்தேகப் பிறவிங்க. தெற்கத்திப் புத்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அம்பரோ வெளியே வந்து என் அடுப்புப் பக்கத்தில் குந்தினாள். அழவில்லை. தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவள் பேச்சை நடித்துக் காட்டிய என் வாய் அப்போது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் வந்தாள். முஹுபோ வரவில்லை. ஆளனுப்பியும் வரமாட்டேன் என்கிறாள் என்று ஸுகுல்லே சொன்னதாகத் தீரியே சொன்னான்.

"அதேர், அந்த ஒரு வார்த்தையை அவ சொன்ன மாதிரியே சொன்னா உங்க நாக்கு அழுகிப் போயிடுமா?" என்று நான் கேட்டேன்.

"கின்ஸி, உன் வேலை தேத்தண்ணி. மொழி என் வேலை. இன்னைக்கு ஒரு அபாயோவை உள்ள விட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்க வாயில அதுதான் இருக்கும்."

நான்காவது வியாழன் அம்பரோ மாறிப்போய் வந்தாள். முக்காட்டை இழுத்துக் கட்டியிருந்தாள். இணைப்பு கிடைத்து, தீரியே பொத்தானை அழுத்தி வாயைத் திறந்த நேரத்தில் அவள் எட்டி அவன் கையோடு சேர்த்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் மேல் அவன் விரல், அதன் மேல் அவள் விரல். சம்பூசா மாவு பிசைந்த கை, அவனால் அசைக்க முடியவில்லை.

"அபாயோ" என்றாள். "அபாயோ மஆன். அபாயோ. அபாயோ."

வேறொன்றும் சொல்லவில்லை. அங்கே தங்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸுகுல்லேயாவது கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். தீரியே சிவந்து போய், "பைத்தியக்காரி, விடு, பெட்டி உடைஞ்சிடும்" என்று கத்தினான். வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட அவன் பக்கம் பேசவில்லை.

அவள் விரலை எடுத்ததும் பெட்டியில் ஸுகுல்லே குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே இரண்டு வார்த்தை எல்லோருக்கும் கேட்டது. "நாளைக்கு வாங்க."

மறுநாள் முஹுபோ வந்திருந்தாள். முந்தின நாள் கேட்ட குரலை ஸுகுல்லே அவள் கூடாரத்துக்கே போய், அந்த இழுப்பு மாறாமல் சொல்லிக் காட்டினானாம். இந்தத் தடவை ஒலிவாங்கியை அம்பரோவே வாங்கிக்கொண்டாள். தீரியே கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. வாசலில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து வருஷச் சேதி பாக்கியிருந்தது. இரண்டு பேரும் அதில் ஒன்றையும் பேசவில்லை. இவள் 'அபாயோ' என்பாள், ஓவர். அவள் 'அபாயோ' என்பாள், ஓவர். நேரம் முடியும்வரை அதுதான். இறந்தவர்கள் கணக்கெல்லாம் அடுத்த வாரம்தான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், எவ்வளவு இரைந்தாலும், "நாங்களே பேசிக்கிறோம்" என்று கை நீட்டத் தொடங்கினார்கள். பெட்டியைத் துடைப்பதும் பேட்டரி மாற்றுவதும்தான் தீரியேக்கு மிஞ்சிய வேலை. இரண்டு வருஷத்தில் தொலைபேசிக் கடைகள் வந்தன. தகரக் கதவில் பூட்டு விழுந்தது. அம்பரோ தங்கையிடம் போய்ச் சேர்ந்தாள். போகும்போது கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தீரியே திருந்தினானா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அவன் மகள் ஸகல் நைரோபியில் படிக்கப் போனாள். ஒருநாள் தகப்பனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்த தோழியிடம் திரும்பி, "அபாயோ, ஒரு நிமிஷம்" என்றிருக்கிறாள். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். ஏழு மாதம் மகளோடு பேசவில்லை. அவள் அங்கேயே ஒரு மொகதிஷுப் பையனைக் கட்டிக்கொண்டபோது ஸஹ்ரா தனியாகக் கல்யாணத்துக்குப் போனாள். அவன் முதுகுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.

அன்று மதியம் அவன் சந்தையில் போதைக்கு மெல்லும் காத் இலை வாங்குவதை நான் பார்த்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது. விற்கிற பெண்ணிடம், அவள் ஏதோ ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள் என்று, விரலை நீட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.