இடப்பக்கத்துச் சொல்

படிவம் ஒன்றைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குக் கை சோர்ந்துபோகிறது. கிளிநொச்சியில் நான் வேலை பார்க்கும் கந்தோரில் நாள் முழுக்கப் படிவம்தான். காணிக்கு எல்லை, கிணற்றுக்கு ஆழம், தொலைந்த மாட்டுக்கு நிறம். ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியதென்றால் எல்லோரும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அவவுக்கு இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு என்று எனக்குப் பின்னால் ஒரு பேச்சு வேறு. பெரிய இங்கிலிஷ்தான். நான் ஆங்கிலத்தில் நிரப்பிய முதல் படிவத்தின் கதை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு முத்திரைத் துண்டைக்கூட என்னை நம்பித் தரமாட்டார்கள்.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கிவர உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல், சீமெந்துக் கிணறு, ஏழு மாடுகள், எல்லாம் அங்கேயே நின்றன. உடையார்கட்டில் ஒரு பாலை மரத்தடியில் கொட்டில் போட்டுக்கொண்டோம். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. பள்ளிக்கூடமும் கொட்டில்தான். புத்தகம் இல்லை, கொப்பிக்குத் தட்டுப்பாடு. ஆங்கில ரீச்சரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர். எந்நேரமும் நித்திரைக் கண்ணோடு இருப்பார். பாவம், அவருக்கும் ஒரு கொட்டில், நாலு பிள்ளைகள்.

அவர் கரும்பலகையை நடுவே கோடு கிழித்துப் பிரிப்பார். இடப்பக்கத்தில் பத்துச் சொல்: பிக், ஸ்மோல், குட், பாட், நியூ, ஓல்ட், டோல், வைட், பிளாக், ஹப்பி. வலப்பக்கத்தில் பத்துச் சொல்: மேன், ஹவுஸ், கௌ, சேர்ட், பைசிக்கிள் என்று போகும். இடப்பக்கம் ஒன்றை எடு, வலப்பக்கம் ஒன்றை எடு, சேர்த்து எழுது. இடப்பக்கத்துச் சொல்தான் முன்னுக்கு வரவேண்டும். ஒரு பெயருக்கு ஒரு சொல் போதும், இரண்டைப் போட்டுக் குழப்பாதே. இதுதான் பாடம். எழுதிவிட்டு ரீச்சரிடம் நீட்டினால் சரி போட்டுத் தருவார். ஹப்பி ஹவுஸ் என்றாலும் சரி, பாட் கௌ என்றாலும் சரி. அப்படி ஒரு மாடு எங்கே நிற்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. கிடுகுக் கூரை ஒழுகுகிற கொட்டிலுக்குள் இருந்துகொண்டு பிக் ஹவுஸ் என்று எழுதலாம். கிழிந்த சட்டையோடு நியூ சேர்ட் என்று எழுதலாம். எல்லாவற்றுக்கும் சரி விழும். அந்த வருடம் எங்களுக்குச் சரி என்று விழுந்தது அந்தக் கொப்பியில் மட்டும்தான்.

மாசி மாதம் அப்பா மாடுகளைப் பார்த்துவருகிறேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டார். ஏழில் இரண்டு மாடாவது உயிரோடு நிற்கும், பிடித்துக்கொண்டு வந்தால் தம்பிக்குப் பாலாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அம்மா வேண்டாம் என்றார். அப்பா கேட்கவில்லை. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரரும் கூடப் போனார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்டையான மனிதர். அம்மாவின் தோளுக்குக் கொஞ்சம் மேலே வருவார், அவ்வளவுதான். வயலில் நிற்கும்போது வரம்பில் காலை ஊன்றித்தான் சைக்கிள் ஏறுவார். ஊரில் அவரைக் கட்டையர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஓம் என்று சிரித்துக்கொண்டே திரும்புவார். அவருக்கு வராத வெட்கமெல்லாம் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டையரின் மகள் என்று யாராவது சொன்னால் எனக்கு அழுகை முட்டும்.

ஒன்பதாம் நாள் அந்த வயல்காரர் தனியே வந்தார். கையில் சாரத் துணியால் கட்டுப் போட்டிருந்தார். கிணற்றடியில் நின்ற அம்மாவிடம் போய் கனநேரம் கதைத்தார். பிறகு எங்களிடம் வந்து என் தலையைத் தடவி, மாடு ஒன்றும் அகப்படவில்லை, உங்கட அப்பா வழி தப்பி ஆமியின் பக்கம் போயிருப்பார், வருவார் என்றார். அம்மா கிணற்றடியில் இருந்து வாளியோடு வந்தார். வாளியில் தண்ணீர் இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

வழி தப்பிப் போனவர்களை வவுனியாப் பக்கம் முகாமில் வைத்திருப்பதாக எல்லோரும் கதைத்தார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது. விடிந்தால் அம்மாவைக் கேட்பேன், அப்பாவைத் தேடச் சொல்லி யாரிடமாவது சொன்னீங்களோ என்று. பாப்பம் பிள்ளை, பாப்பம் என்பார். அப்போதுதான் பக்கத்துக் கொட்டில் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். புதுக்குடியிருப்பில் வெள்ளைக்காரர் வந்துபோகும் ஒரு அலுவலகத்தில் காணாமல் போனவர்களின் விபரம் எடுக்கிறார்களாம். தமிழில் எழுதிக் கொடுத்தால் அது மொழிபெயர்க்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடக்குமாம். ஆங்கிலத்தில் கொடுத்தால் அப்படியே போய்விடுமாம். உண்மையோ பொய்யோ, வன்னியில் அப்போது எல்லாம் இந்த 'ஆம்' போட்ட செய்திதான்.

நான் எழுதுகிறேன் என்று நின்றேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ரீச்சரிடம் கேட்பதற்கும் விடவில்லை. என் அப்பாவை நானே கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு தம்பியைப் பக்கத்துக் கொட்டிலில் விட்டார். இரண்டு பேரும் புதுக்குடியிருப்புக்கு நடந்தோம்.

அங்கே சனம் நிரம்பி வழிந்தது. படிவம் வாங்கிக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் இருந்தோம். நடுவே பெரிய பெட்டி ஒன்று, ஆளின் அடையாளங்கள் எழுத. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார்.

"கட்டையான ஆள் எண்டு எழுது. கறுப்பு. இடது புருவத்தில மாடு இடிச்ச தழும்பு. கட்டம் போட்ட சேர்ட். பழைய சைக்கிள், மட்கார்ட் இல்லை."

புருவத்துக்கும் தழும்புக்கும் என்னிடம் சொல் இல்லை. கட்டைக்கும் இல்லை. ஸ்மோல் இருந்தது. பென்சிலை அதில் வைத்துப் பார்த்தேன். ஸ்மோல் மேன். கோழிக்குஞ்சுக்கும் மண்முட்டிக்கும் போட்ட சொல். முகம் தெரியாத வெள்ளைக்காரர் இதைப் படித்துவிட்டு, ஒரு சின்ன ஆள்தானே, பிறகு பார்க்கலாம் என்று மடித்து வைத்துவிட்டால்? பெரிய ஆட்களைத்தான் முதலில் தேடுவார்கள். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. இடப்பக்கத்தில் இருந்து நல்லதாகப் பார்த்து எடுத்தேன். டோல் மேன், உயரமான மனிதர். குட் மேன். வைட் சேர்ட். நியூ பைசிக்கிள். ஒன்றிலும் எழுத்துப் பிழை இல்லை.

"எழுதிட்டியே?"

"ஓம்."

"தழும்பு?"

"ஓம், எல்லாம் எழுதிட்டன்."

மேசையில் இருந்தவர் எங்கள் ஆள்தான், ஒரு இளம் ஆள். படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். என் எழுத்தா என்று கேட்டார், கெட்டிக்காரி என்றார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆள் நல்ல உயரமோ அக்கா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் செருப்பில்லாத என் காலைப் பார்த்தேன்.

"ஓம் தம்பி," என்றார் அம்மா. "உயரமான ஆள்தான்."

அவர் முத்திரை குத்தினார். நாங்கள் வெளியே வந்தோம். அம்மா என்னைக் காட்டிக்கொடுத்துவிடவில்லை என்ற ஆறுதலில் நான் துள்ளிக்கொண்டு நடந்தேன்.

அந்த ஆறுதல் ஒரு கிழமைதான். பக்கத்துக் கொட்டில் அக்காவின் தம்பியையும் அப்படித்தான் பதிந்திருந்தார்கள். முகாமில் உயரம், தழும்பு எல்லாம் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள் என்று அந்த அக்கா எங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு முகாமில் அப்பா வரிசையில் நிற்கிறார், வெள்ளைக்காரர் என் படிவத்தோடு வருகிறார், உயரமான ஆட்களை மட்டும் பார்த்துவிட்டு அப்பாவைக் கடந்து போகிறார். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் அம்மாவின் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் பிழையாக எழுதினேன், போய் மாற்றுவோம், ஸ்மோல் என்றே போடுவோம் என்று கத்தினேன்.

அம்மா என் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"இல்லைப் பிள்ளை. நீ எழுதினது சரி."

ரீச்சரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு ஆறவில்லை. அப்பா வராத ஒவ்வொரு மாதமும் டோல் என்ற அந்த ஒற்றைச் சொல்லால்தான் வரவில்லை என்று நம்பினேன். பத்து வருடத்துக்கு அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

எனக்கு இருபது வயதானபோதுதான் அம்மா வாய் திறந்தார். அந்த வயல்காரர் கிணற்றடியில் சொன்னது மாட்டைப் பற்றி அல்ல. எங்கள் வயல் வரம்பருகே அப்பாவைத் தன் கையால் புதைத்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டு ஏன் அவ்வளவு தூரம் நடந்தீங்கள், ஏன் உயரமான ஆள் என்றீங்கள் என்று சண்டை பிடித்தேன். "கட்டையான ஆளைத் தேடினாலும் வரப்போறேல்லை. நீ ஆசையா எழுதினனி," என்றார் அம்மா. அவருக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஆனால் பார்க்கத் தெரிந்திருந்தால் படிவம் நிரப்பிய அந்த வருட ஆடி அமாவாசையிலேயே நான் பார்த்திருக்கலாம். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம். வருடா வருடம் அப்பாதான் தன் தகப்பனுக்காகப் பிடிப்பார். அந்த வருடம் அம்மா அந்த விரதத்துக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காயை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கறி வைத்தார். தம்பியைக் கிணற்றடியில் தலைமுழுக வைத்து, ஈரத் தலையோடு இருத்திக் கும்பிடச் சொன்னார். அப்பா இல்லாததால் அப்பாவுக்குப் பதிலாக அவன் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஆறு வயதுக்காரனுக்கு இவ்வளவு மதிப்பா என்று எரிச்சலும் வந்தது.

சோறும் கறியும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, தம்பியின் கையால் வேலியோரம் வைப்பித்து, அம்மா காகத்தைக் கூப்பிட்டார். பிறகு எங்களுக்குப் போட்டார். காத்தோட்டிக்காய் கைத்தது. அப்பாவுக்கு அது விருப்பம், இன்றைக்கு வந்தாலும் வருவார், அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கோ என்றேன்.

"வைச்சாச்சு," என்றார் அம்மா.

நான் எழும்பிக் குசினிக்குள் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. வேலியில் காகம் இலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அம்மா என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று அன்று பின்னேரம் வரை நான் அவரோடு கதைக்கவில்லை.