கன்னியப்பன் அண்ணனின் கெண்டைகள்

அறிவியலில் முதல் மார்க் வாங்கிய திமிரில் ஒரு குட்டை நிறைய மீன்களைக் கொன்றவன் நான். நேற்று சேலையூர் ஏரிக்கரையில் வாரிப்போட்டிருந்த ஆகாயத்தாமரையின் அழுகல் வாடை ஜன்னல் வழியே வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் வேறு, "ஆகாயத்தாமரை பெருகினா மீன் ஏம்ப்பா சாகுது?" என்றாள்.

அந்த மீன்களைக் கொன்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நிலத்தை மனையாக விற்றுவிட்ட கன்னியப்பன் அண்ணனுக்கு, தெருக்கோடிக் குட்டையில் வளர்த்த கெண்டைகள்தான் மிச்சமிருந்த விவசாயம். செடி ஆக்ஸிஜன் தரும் என்று படித்திருந்தேன். மீன்கள் நன்றாக மூச்சுவிடட்டும் என்று நாலு ஆகாயத்தாமரைகளைக் கொண்டுபோய் அதில் விட்டேன். சில மாதங்களில் தண்ணீரே தெரியவில்லை. மேலே இலை மூடியதால் உள்ளே வெளிச்சமில்லாமல் பாசி செத்தது. அது அழுக அழுக, இருந்த ஆக்ஸிஜனும் தீர்ந்தது. ஒருநாள் காலை கெண்டைகள் செத்து மிதந்தன.

"எந்தப் பேமானி இத்த கொண்ணாந்து போட்டான்னு தெர்லியே தம்பி!" என்று என்னிடமே புலம்பினார் அண்ணன். நானும் சேர்ந்து அவனைத் திட்டினேன்.

நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, அறைக்குள் நடந்துகொண்டே மகளிடம் சொல்லி முடித்தேன்.

"அப்பா, இது ரெண்டு மார்க் கேள்விதான்" என்றாள்.