லிப்ட் நின்ற அடைமழை நாள்

மகளின் இந்தப் பிடிவாதத்துக்கு நான் பெருமைப்படுவதா, பயப்படுவதா? இன்னும் தெரியவில்லை.

போன மார்கழி அடைமழையில், பாளையங்கோட்டையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியிலுள்ள குழந்தை மருத்துவரிடம் அவளைக் கொண்டுபோனேன். வளாகத்தின் மேற்பார்வையாளர் ஒரு பெண். சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அடித்தளத்தில் அடிக்கடி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று லிப்டை நிறுத்தினார்.

கட்டட முதலாளி சீறினார். “என் கட்டடத்துல எனக்கே லிப்ட் இல்லையா?”

“கீழ தண்ணி ஏறுது அண்ணாச்சி. கட்டடம் உங்களுதுன்னு கரண்டுக்குத் தெரியாதுல்லா? பைய படி ஏறுங்க.”

அவர் ஏறினார். என் இடுப்பிலிருந்த மகள் கைதட்டினாள்.

அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே எந்த லிப்டின் முன்னாலும் கைகளை விரித்து நின்று, “பைய படி ஏறுங்க!” என்கிறாள். போன வாரம் என் கணவரின் மேலதிகாரியையே ஏறவைத்துவிட்டாள்.

இதை நான் திருத்தத்தான் வேண்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.