வெங்காயம் அரிந்த தம்பதி

காரமடைப் பக்கம் இருந்த தியான இல்லத்தில் நான் பொறுப்பாளராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முதல் நாளே பாதர் என் கையில் மணியைக் கொடுத்துவிட்டார். "அடிச்சா மௌனம். யாராச்சும் பேசுனா இன்னொருக்கா அடிங்க." எனக்கென்ன, யாராவது இருமினாலே மணியைத் தூக்குவேன்.

மௌனத் தியானத்துக்கு வருகிறவர்கள் முதல் நாள் தவித்துப்போவார்கள். ரசம் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அந்த வருடத் தவக்காலத்தில் கணபதிப் பக்கமிருந்து வந்த தம்பதிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சேவியர் லேத் பட்டறைக்காரர். மனைவி ஸ்டெல்லா. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்கள். தியானம் என்றால் இவர்களைப் போல இருக்க வேண்டும் என்று பாதரிடம் மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலை ஸ்டெல்லா என்னிடம் வந்து, நான் மணியைத் தூக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, தியானம் முடிஞ்சா மேட்டுப்பாளையம் பஸ் எங்கீங்க நிக்கும்?"

"கணபதி அந்தப் பக்கம் இல்லீங்களே."

"பொறந்த ஊட்டுக்குப் போறேனுங்க. திரும்பறதா இல்லீங்க. எங்கப்பன் செத்ததுல இருந்து அவருகூடப் பேச்சே இல்லீங்க. இங்க மௌனம்னாங்க, சுலபமாப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாதர்கிட்டச் சொல்லட்டுங்களா?" என்றேன். "சொல்லிக்குங்க" என்று போய்விட்டார்.

பாதர் தாடையைத் தடவினார். "அவங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கு மௌனம் கெடையாது. சமையல்கட்டுல வெங்காயம் அரியட்டும்."

மறுநாள் பாதிக் கூடைகூட ஆகவில்லை. ஸ்டெல்லாவின் குரல் கோயில் வரை கேட்டது.

"எங்கப்பனக் குழியில எறக்குறப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

ஜெபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் நின்ற என் கை தானாக மணிக்குப் போனது. பாதர் பிடித்துக்கொண்டார். "தொட்டுப்போடாதீங்க."

"பட்டறையில. அன்னிக்கே பம்ப் பார்ட்ஸ் குடுக்கோணும்னு லேத்த ஓட்டிட்டு இருந்தேன்." சேவியரின் குரலும் உடைந்துபோய்க் கோயில் வரை கேட்டது. "நிறுத்திப்போட்டு வந்துருக்கோணும் அம்மணி. தப்புத்தான். சொல்ல மூஞ்சி இல்லாம இருந்துபோட்டேன்."

ஸ்டெல்லா ஓவென்று அழுதார். அழுது முடித்து, "இன்னும் பொடுசா அரிங்க" என்றார். எனக்கும் கண் கலங்கியது. வெங்காயத்தின்மேல் பழிபோட முடியாத தூரத்தில் நின்றிருந்தேன்.

கடைசி நாள் பஸ் நேரம் சொல்லப் போனேன். "பஸ் வேண்டாமுங்க. வாரேனுங்க" என்று ஸ்டெல்லா கணவரின் மொபெட்டில் ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தத் தம்பதி வந்தாலும், "ஊட்டுல பேசிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மணியை எடுத்தேன். பேசுகிறவர்களுக்கு மௌனம். மற்றவர்களுக்கு வெங்காயம்.