விளக்குக்கு முந்திய வெளிச்சம்

ஜெபமணி டீச்சர் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் குளத்தூர் பஸ்ஸில் இருந்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே கீரமங்கலம் திரும்பினேன். வழியெல்லாம் அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளா அவர்!

அவரைத் தெரிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். ஒரே பள்ளியில் அவர் கணக்கு, நான் அறிவியல். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வம்புக்கு இழுத்தேன்.

"ஒங்க வேதத்துல கடவுள் ஒலகத்தப் படைக்கிறப்ப சூரியன் நாலாம் நாளுதானே வருது? அப்ப மொத நாளு வெளிச்சம் எங்கிட்டு இருந்துங்க வந்துச்சு?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மனுஷி அதற்காகவே வேதத்தின் மூல மொழியான எபிரேயத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பல மாதம் கழித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்முன் பதில் வந்தது.

"மொத நாளு வர்ற சொல்லு 'ஓர்'. அதுன்னா வெளிச்சம். நாலாம் நாளு வர்றது 'மாஓர்', வெளிச்சம் தர்ற வெளக்கு. வெளிச்சத்துக்குச் சூரியன் ஆத்தா இல்லைங்க, வேலைக்காரி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று என் மீன்குழம்பில் பாதி அவருக்குத்தான்.

ஓய்வு பெற்றபின் சர்க்கரை நோய் அவர் பார்வையைப் பறித்தது. ஞாயிறுதோறும் சர்ச்சில் பெண்களுக்கு எடுக்கும் வேதபாட வகுப்புதான் அவருக்கு உயிர். கண் தெரியாதவர் எப்படி எடுப்பார் என்று சபைச் செயலாளர் அதை நிறுத்தப் பார்த்தார். நான்தான் டீச்சரைக் கைபிடித்து அழைத்துப் போனேன். எழுந்து நின்று, அந்தப் படைப்புக் கதை வரும் முதல் அதிகாரம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார்.

பிறகு செயலாளரிடம், "எனக்குப் போனது வெளக்குதாங்க தம்பி, அது நாலாம் நாளு சங்கதி. மொத நாளு வெளிச்சம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

வகுப்பை நிறுத்தும் பேச்சைச் செயலாளர் விட்டுவிட்டார். அதன்பின் சாயங்காலங்களில் நான் அவர் வீட்டில் வேதம் வாசிப்பேன், அவர் பாடம் தயார் செய்வார். வேகமாகப் போனால், "பரீட்சைக்கா படிக்கிறோம்? மெதுவா வாசிங்க" என்று அதட்டுவார். அந்த அதட்டலுக்கு இப்போது ஏங்குகிறேன்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது செயலாளர் பெண்களிடம், "இனி எடுக்க ஆளில்லை, வகுப்பை விட்டுரலாம்" என்றார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதம் ஒன்றைத்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை நான் வாரேன். டீச்சர் பாதியில விட்ட அதிகாரத்தை வாசிக்கணும்."

"நெத்தியில இம்புட்டுப் பெரிய பொட்டோடவா?" என்று கேட்டார் செயலாளர்.

"பொட்டோடதாங்க. நீங்களும் நேரத்துக்கு வந்துருங்க."