நான் எழுதாத ஸ்கேன்

எலும்பு அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் எனக்கு அது மூன்றாம் வருடம். தென் லண்டனில் ஒரு மருத்துவமனை. ரெஜிஸ்ட்ரார்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள் எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண். யாரும் என்னைத் துன்புறுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரேக்காக அணியும் ஈயக் கவசங்கள் எல்லாம் ஆறடி ஆண்களுக்குத் தைத்தவை. சில நோயாளிகள், நான் சோதித்து முடித்த பிறகும், "டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். என்னை இளகிய மனசுக்காரி என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால் வேகமாக முடிவெடுத்தேன், குறைவாகப் பேசினேன், சந்தேகம் வந்தாலும் வெளியே காட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் கன்சல்டன்ட், எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர், முந்தைய வாரத்துப் பட்டியலைப் பார்த்தார். மற்றவர்களைவிட நான் அதிகமாக ஸ்கேன் எழுதியிருந்தேன். "கால் வலி என்று யார் வந்தாலும் ஸ்கேனா? நீ என்ன அவர்களுக்கு அம்மாவா?" என்றார். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று பிற்பகல் மோர்டனிலிருந்து ஒரு தாயும் மகளும் கிளினிக்குக்கு வந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறவள். சனிக்கிழமை ஆட்டத்தில், ஓடிய வேகத்தில் திரும்பும்போது விழுந்திருக்கிறாள். யாரும் இடிக்கவில்லை. அவசரப் பிரிவில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை.

"தமிழ்ப் பிள்ளையோ? அதுவும் பொம்பிளை டொக்டர்! நல்லதாப் போச்சு தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே தாய் உட்கார்ந்தார்.

மகள் ஆங்கிலத்தில் பேசினாள். "உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் ஓடியவளுக்கும் கேட்டது. வீட்டுக்குப் போவதற்குள் வீங்கிவிட்டது."

வலியில் தொடைத் தசையை இறுக்கி வைத்திருந்தாள். என்னால் முழங்காலைச் சரியாகச் சோதிக்க முடியவில்லை. முழங்காலின் நடுவே ஒரு தசைநார் உண்டு. விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு, யாரும் இடிக்காமலே, வெறும் திரும்பலில் அது அறுந்துபோவது பையன்களைவிட அதிகம் என்று நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சத்தமும் உடனே வரும் வீக்கமும் அதற்கு அடையாளம். எல்லாம் எனக்குத் தெரியும்.

"ஸ்கேன் ஒண்டு எடுத்துப் பாக்க ஏலாதோ தங்கச்சி?"

கணினியில் ஸ்கேன் படிவத்தைத் திறந்தேன். காலையில் கேட்ட சிரிப்பு நினைவுக்கு வந்தது. படிவத்தை மூடிவிட்டேன்.

"தேவையில்லை அக்கா. சுளுக்குத்தான். ரெண்டு கிழமை ஓய்வு, பிறகு பிசியோ. சரியாப் போயிடும்."

"உண்மையாவோ?"

"ஓம்," என்றேன்.

நாலு மாதம் கழித்து அவள் முழங்காலை நிமிர்த்த முடியாமல் ஊன்றுகோலோடு வந்தாள். சுளுக்கு என்று நான் சொன்னதை நம்பி மறுபடியும் ஆடியிருக்கிறாள். கால் அடிக்கடி மடிந்து விழுத்தியிருக்கிறது. இம்முறை ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அது முதல் நாளே நடந்தது. மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்புத் தட்டும் கிழிந்து மடங்கியிருந்தது. அது இந்த நாலு மாதத்தில் நடந்தது.

அவர்களிடம் தானே பேசுவதாகக் கன்சல்டன்ட் சொன்னார். நான் பேச வேண்டும் என்றேன். அன்று ஏன் ஸ்கேன் எழுதவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு நினைவில்லை," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிறகு, "சொல்லியிருந்தாலும் முடிவெடுத்தது நீ," என்றார். அதுவும் உண்மைதான்.

தாயும் மகளும் காத்திருந்த அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அண்டைக்கே நான் ஸ்கேன் எடுத்திருக்க வேணும். எடுக்கேல்லை. அதாலதான் உள்ளுக்கை கூடக் கிழிஞ்சு போச்சு. பிழை என்ர."

"நான் கேட்டனான், டொக்டர்."

"ஓம். கேட்டனீங்கள்."

"பொம்பிளை எண்டபடியா என்ர பிள்ளை சொல்லுறதைக் கேப்பீங்கள் எண்டு நினைச்சன்."

மகள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "ஒவ்வொரு முறை கால் மடியும்போதும் நான்தான் வீணாகப் பயப்படுகிறேன் என்று நினைத்தேன். பயப்படாதவள்போல ஓடினேன்."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். மருத்துவமனையில் என் மேல் முறைப்பாடு எப்படிச் செய்வது என்று தாய்க்கு விளக்கி, அதற்கான தாளையும் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சையைக் கன்சல்டன்ட் செய்தார். நான் இருக்கலாம் என்று மகள் சொல்லியிருந்ததால் உதவிக்கு நின்றேன். புதிய தசைநார் நன்றாகப் பொருந்தியது. கிழிந்த தட்டைத் தைத்துப் பார்த்தார்; ஒரு பகுதி தையலைத் தாங்கவில்லை. அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நக அளவுத் துண்டுதான். ஆனால் மறுபடி வளராது. பதினைந்து வயதுக் காலுக்கு அது இல்லாமல் இன்னும் எவ்வளவு காலம் நடக்க இருக்கிறது என்று நினைத்தேன். கருவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மாதக் கூட்டத்தில் நடந்ததை எல்லார் முன்னும் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமைச் சிரிப்பையும் சொல்லாமல் விடவில்லை. கூட்டம் முடிந்ததும் ரெஜிஸ்ட்ரார்களில் ஒருவன் நடைபாதையில் என்னை நிறுத்தி, அன்றைய சிரிப்புக்குப் பிறகு தானும் ஒரு ஸ்கேனைக் கைவிட்டதாகச் சொன்னான். அவனுடைய நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தாய் முறைப்பாடு செய்தார். விசாரணை நடந்தது, எனக்கு ஆறு மாதம் கூடுதல் மேற்பார்வை போட்டார்கள். பயிற்சியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விடவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் பிசியோ செய்துவிட்டு மகள் கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள். ஒரே ஒரு ஆட்டத்தில் சற்று நேரம் இறங்கினாளாம். "கால் தாங்குகிறது. எனக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை. நிறுத்திவிட்டேன்," என்றாள். அழவில்லை.

"என்ர சின்ன மகளும் இப்ப பந்து விளையாடுறாள்," என்றார் தாய். "நான் வேண்டாம் எண்டனான். இவதான் சண்டை பிடிச்சு அவளை விளையாட விட வைச்சவ." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அவளுக்கு ஏதும் நடந்து இஞ்சை வந்தா, ஸ்கேன் எழுதுறவரைக்கும் நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்."

"எழும்பாதேங்கோ அக்கா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மகளின் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.