துள்ளாத வட்டு

நேற்று வெள்ளறடை போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் காலடியில் ஒரு சாக்கு ஒட்டுப்பால் வைத்திருந்தார். ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்துபோகும் மிச்சப் பால்தான். அப்படியொரு நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ ஐஸ் ஹாக்கி ஞாபகம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. நான் கோல்கீப்பர். ஐஸை மீன் சந்தையில்தான் பார்த்திருந்தேன் என்பது வேறு விஷயம். கேப்டன் ஜெயசிங்குக்கு இந்த ஆட்டம் எங்கிருந்து பிடிபட்டதோ, இன்றும் தெரியவில்லை. ஆரியங்கோட்டில் அவன் வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். காலில் சக்கர ஷூ.

பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டை அடிக்க வேண்டும். ரப்பர் நாட்டுக்காரன் அதைக் கடையில் வாங்குவதாவது? ஜெயசிங் வீட்டு ஷீட்டையே வட்டமாக வெட்டி, அடுக்கி, கல்லேற்றி அழுத்தி ஒட்டவைத்தான். தரையில் பட்டால் அப்படித் துள்ளும்.

“எலே மக்கா, வட்டு நெஞ்சுக்கு நேராக்கும் வரும். கைய மேல வச்சுக்கோ, கேட்டியா?” என்பான். வைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். சமன் செய்தாலே போதும். நிஜ ஐஸ் மைதானத்தில் ஆட ரயிலேறி வடக்கே போனோம். எதிரணியும் கற்றுக்குட்டிகள், இரண்டு பக்கமும் ஓடியதைவிட விழுந்ததே அதிகம். கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது ஒருவன் விழுந்துகொண்டே அடித்தான். நான் வழக்கம்போல் கையை நெஞ்சுக்குத் தூக்கினேன். வட்டு துள்ளவே இல்லை. ஐஸோடு ஐஸாக வழுக்கி, என் கால்களுக்கு நடுவே மெதுவாக உள்ளே போனது.

ஆட்டத்துக்கு முன் வட்டை ஐஸில் போட்டு உறையவைப்பார்களாம், துள்ளாமலிருக்க. எதிரணி கோல்கீப்பர் பிறகு சொன்னான். அணி கலைந்தது. அதன்பின் ஜெயசிங்கின் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சம். அவனும் கூப்பிடவில்லை. கோபம் என்றே நினைத்திருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். மஸ்கட்டில் இருக்கிறான். நான் மன்னிப்புக் கேட்டதும் குறுக்கிட்டான்.

“உனக்க மேல என்ன தப்பு மக்கா? நான் வெட்டுன வட்டாலயாக்கும் டீம் போச்சு. உனக்க மொகத்தப் பாக்க வெக்கப்பட்டுத்தான் நான் கூப்பிடாம இருந்தேன்.”

அந்தக் களத்தில் இப்போது ஓட்டல் நிற்கிறதாம். பல்கலைக்கழக விளையாட்டு வரலாற்றில் எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்படி ஓர் அணி இருந்ததற்கு மிச்சம், நாங்கள் இரண்டு குற்றவாளிகள்தான்.